பலகை எழும்பினால் பேச்சில்லை

என்ன எழவு பிழைப்பு இது என்றுதான் சந்தியாகுவுக்கு முதலில் தோன்றியது. கூடப்பிறந்த தங்கச்சியைப் போட்டு மிதிக்கிறவனுக்கு, அவன் கை நோகாமல் சூரை மீன் பிடிக்க, தான் குத்தவைத்து உட்கார்ந்து கயிறு கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எஞ்சினை அணைத்துப் போட்டதில் வள்ளம் சும்மா ஆடிக்கொண்டு கிடந்தது. சூரியன் தண்ணீரைவிட்டு மேலே வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வள்ளத்தின் முன்பக்கம் தங்கச்சி மாப்பிள்ளை ரெமிஜியூஸ் காலை நீட்டி உட்கார்ந்து தூக்குப்போணியைத் திறந்து தின்றுகொண்டிருந்தான். "என்னன்னு தெரியல மச்சான், இன்னைக்குக் கொழம்பைக் கெட்டியா வச்சிருக்கா. முட்டை வேற அவிச்சு வச்சிருக்கா. ஒரு வாய் திங்கீரா?" என்றான். "வேண்டாம் மாப்ள, நீரு சாப்பிடும்" என்றான் சந்தியாகு. தின்னுலே, நல்லா தின்னு. அவ கையால நீ திங்கிற கடைசிச் சோறு அது. மத்தியான பஸ்ஸில் தங்கச்சி பெர்னத் போய்விடுவாள். மதுரைப் பக்கம் கன்னியர் மடத்தில் தையல் வேலை, தங்க இடம், சோறு, எல்லாம் அவளே பேசி முடித்துவிட்டாள், அண்ணன்காரன் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. நேற்று சாயங்காலம் கோயில் முக்கில் கீரை வாங்குகிறவள் மாதிரி நின்று, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்: "அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான் ஒங்கிட்ட கேக்கேன். மத்தியான பஸ்ஸு போற வரைக்கும் அவரைக் கடல்லயே வச்சிக்க. கரைக்கு விட்டுராத." அவ்வளவுதான். கடலில் இருக்க வேண்டும். தினமும் செய்கிற காரியம். ஒருத்தன் ஒன்றுமே செய்யாமல் இருந்து தங்கச்சியைக் கரையேற்றிவிடலாம் என்றால், அண்ணன்மாருக்கு அதைவிடச் சுளுவான கடமை எங்கே கிடைக்கும்? சந்தியாகு பலகையைக் காலிடுக்கில் வைத்து அதன் மூக்கில் ஈயத்தட்டை வைத்து ஆணியை அறைந்தான்.

கட்டுவது ஒன்றும் மாய வித்தை இல்லை. முங்குபலகை என்பது ஒரு சாண் நீளத்து மரத்துண்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்தது. மூக்கில் ஈயம். முதுகில் ஒரு கம்பி, கம்பியில் ஓடுகிற மாதிரி ஒரு வளையம், வளையத்தில் கைக்கயிறு. வள்ளம் இழுக்க இழுக்க, பட்டம் தலைகீழாகப் பறப்பது மாதிரி பலகை கடலுக்குள் இறங்கும். அதன் வாலில் தூண்டில் நரம்பு, நரம்பின் முனையில் ரப்பர் கணவாய், கணவாயின் வயிற்றுக்குள் கொக்கி. ஆழத்தில் கிடக்கிற சூரை கவ்வி ஒரு வெட்டு வெட்டியதும் வளையம் கம்பியில் நழுவி இடம் மாறும், பலகை மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து மிதக்கும். மஞ்சள் தெரிந்தால் மீன் மாட்டியாச்சு. இதில் கட்டினவன் பிடிக்கக் கூடாது, பிடிக்கிறவன் கட்டக் கூடாது. அந்த ஊர்த் துறையில் எல்லா வள்ளத்துக்கும் உள்ள முறை அது. தன் கயிற்றைத் தானே கட்டினவன் மீன் தப்பினால் கடலைத் திட்டுவான், கடலைத் திட்டினால் ஊருக்கு ஆகாது. அடுத்தவன் கட்டினது என்றால் அந்த அடுத்தவனை வாய் நிறையத் திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். கட்டினவன் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருவான். இன்னொன்றும் உண்டு. பலகை எழும்பிவிட்டால் மீன் வள்ளத்துக்குள் விழுகிறவரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. சூரைக்கு மனுசன் குரல் கேட்குமாம், கேட்டால் கொக்கியைத் துப்பிவிடுமாம். கேட்குமோ கேட்காதோ, காலில் கொக்கி ஏறிய பிறகும் மீன் உள்ளே வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். எஞ்சினைப் பிடிக்கிறவன் கயிற்றைப் பிடிக்கிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் கண்ணால் கேட்பான், இவன் வேகத்தைக் கொறைப்பான். பாஷை அம்புட்டுதான்.

சந்தியாகு வளையத்தைக் கம்பியில் மாட்டினான், ஓட்டிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓடட்டும். ஓடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று விரல் தன்பாட்டுக்கு யோசித்தது. சணல் நூலை எடுத்து வளையத்துக்கு முன்னால் கம்பியில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டால் வளையம் நழுவாது, மீன் வெட்டினாலும் பலகை எழும்பாது, கீழேயே இறங்கும், பலகையும் மீனும் வள்ளத்தின் வேகமும் சேர்ந்து கயிற்றில் தொங்கும். கயிறு எங்கே இருக்கும்? மற்றவன் கையென்றால் பயமில்லை. கயிற்றின் நுனியைப் பின்பக்கக் கட்டையில் கட்டியாச்சு, பிடிக்கிறவன் நடுவில் விரலால் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆனால் ரெமிஜியூஸ் துரை அப்படியெல்லாம் பிடிக்க மாட்டார். கயிற்றை உள்ளங்கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். "பலகை பேசும் மச்சான், அது முங்கும்போது கையில விர்ர்ருனு ஒண்ணு ஏறும் பாத்துக்கிரும், மீனு பக்கத்துல வந்தாலே அந்த விர்ரு மாறிரும்" என்பார். எல்லாரும் சொல்லிப் பார்த்தாச்சு, சுத்தாதேடா, சுத்தாதே என்று. கேட்பானா. அந்தக் கை அப்படிப்பட்ட கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் சந்தியாகு தங்கச்சியைக் கொடுத்தான், வேறு எதைப் பார்த்து? நல்லவன் என்றா, குடிக்காதவன் என்றா, படித்தவன் என்றா? பெர்னத்தைக் கேட்டு வந்த வேறு ரெண்டு பேர் இருந்தார்கள், ஒருத்தன் பாலிடெக்னிக் முடித்தவன், முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது. சந்தியாகுவுக்கு வள்ளத்தில் ஒரு கை தேவைப்பட்டது. கல்யாணத்தன்று மேடையில் அவன் பெர்னத்தின் கையைப் பிடித்தபோது சந்தியாகு தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவனுடைய அகலமான மணிக்கட்டைத்தான் பார்த்தான், நாளைக்கே நெய்மீன் சீசன் தொடங்குகிறதே என்று பார்த்தான். த்தூ. சந்தியாகு கடலில் துப்பினான். "என்ன மச்சான், தண்ணி கசக்குதா?" என்று அங்கிருந்து சத்தம் வந்தது. "ஒண்ணுமில்ல, நூலைக் கடிச்சேன்."

நூலை உண்மையிலேயே கடித்துத்தான் வைத்திருந்தான். எப்போது எடுத்தான்? ஒரு சுற்றுச் சுற்றியிருந்தான், ரெண்டு, மூணு. விரல்கள் இருக்கிறதே, அவை சண்டாள விரல்கள், எசமான் வேறு பக்கம் பார்த்தால் போதும். சந்தியாகு பலகையை மடிக்குள் இழுத்துக்கொண்டான். பயம்தான், வேறென்ன, ரெமிஜியூஸ் இப்போது எழுந்து வந்து பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தால்? பார்க்க மாட்டான். மச்சான் கட்டினதை அவன் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை, அது ஒரு மரியாதை, அல்லது சோம்பேறித்தனம். அவன் பெர்னத்தை அடிக்கிறபோதும் இப்படித்தான் பார்க்காமல் அடிப்பானாம், டி.வி.யைப் பார்த்துக்கொண்டே அடிப்பானாம், அவளே சொன்னாள், "கைதாண்ணா என்னை அடிக்கும், அவரு பாட்டுக்கு நியூஸ் பாப்பாரு" என்று சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கொன்றுபோட்டிருக்க வேண்டும். போன கார்த்திகையில் வந்து நின்றபோது இடது கன்னத்தில் கல்யாண மோதிரம் பதிந்திருந்தது, மோதிரத்தில் இருந்த சிலுவை அப்படியே, கோயிலில் மெழுகில் முத்திரை குத்துவார்களே அப்படி. அதற்கு முந்தின தடவை வயிற்றில் இருந்ததும் போயிருந்தது. அந்தக் கார்த்திகையில் சந்தியாகு என்ன செய்தான்? ரெண்டு நாள் வீட்டில் வைத்திருந்தான். மூன்றாம் நாள் ஒரு நல்ல நெய்மீனாகப் பார்த்து வாங்கி, துண்டு போட்டு, பையில் போட்டு அவள் கையில் கொடுத்து, "புருசன் பொஞ்சாதின்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், கொழம்பு வச்சுக் குடு, சரியாப் போவும்" என்று அவனே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். மறுநாள் விடியுமுன்னே ரெண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். அன்றைக்கு நல்ல மீன்பாடு. வரும்போது ரெமிஜியூஸ் பாட்டுப் பாடினான், சந்தியாகு எஞ்சின் சத்தத்துக்குத் தாளம் போட்டான். போட்டானா இல்லையா? போட்டான்.

பன்னிப்பயலே, கழற்று அதை, என்று தன்னையே வைதுகொண்டு கத்தியால் சணலை அறுத்தான். அறுத்தது நல்ல மனசினால் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மை என்னவென்றால் கணக்கு உதைத்தது. அவனுக்கு ஏதாவது ஆனால் வள்ளத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் கரை. கரையென்றால் ஊர் முழுக்கக் கூடும், பையோடு நிற்கிற பெர்னத்துக்குச் செய்தி போகும். இன்றைக்கு அவன் நல்லா இருக்க வேண்டும், மாதாவே, இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் இந்த நாயின் ஒரு மயிர்கூட உதிரக் கூடாது. அது மட்டுமில்லை, மீனும் நிறையப் பட்டுவிடக் கூடாது, பட்டால் ஏலத்துக்கு வெரசாப் போவோம் என்பான். படாமலே போனாலும் கூடாது, சலிச்சுப்போய் வீட்டுக்குப் போவோம் என்பான். பிள்ளைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி ஒன்றிரண்டைக் காட்டிக் காட்டி மத்தியானம்வரை இழுக்க வேண்டும். சந்தியாகு வளையத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான். வழுக்கியது. கம்பியில் சணல் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினான், எண்ணெயைத் தொட்டுத் தடவினான், தன் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி சுத்தமாகக் கட்டினான். கட்டி முடித்தபோது உள்ளே ஒரு பெருமை வந்தது, பாரு, எவ்வளவு நல்லவன் நான் என்று. அந்தப் பெருமையில்தான் நாசம் இருந்தது, ஆனால் பெருமைப்படுகிறவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது. "போடுவோமா மாப்ள?" என்றான். ரெமிஜியூஸ் கையைக் கடலில் கழுவி, ஏப்பம் விட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பின்னால் வந்து அவனுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

பலகை இறங்கியது. கயிறு ஓடியது. சந்தியாகு எஞ்சின் கைப்பிடியைத் திருகி ஒரே வேகத்தில் பிடித்தான், அதிகமாகவும் இல்லை குறைவாகவும் இல்லை, பலகை முங்குவதற்கு என்று ஒரு வேகம் உண்டு. ரெமிஜியூஸ் கயிற்றை ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். வெயில் ஏறியது. போனார்கள், திரும்பினார்கள், மறுபடி போனார்கள். காலையில் ஒரு சின்னச் சூரை வந்து விழுந்தது, பிறகு ஒன்றுமில்லை. ரெமிஜியூஸ் முணுமுணுத்தான், "போயிருவோமா மச்சான், இன்னைக்கு வேலைக்காவாது." "இன்னும் ஒரு சுத்துப் போவும் மாப்ள, பறவை விழுகுது பாரும் அங்க, கீழ மீனு இருக்கு." எங்கே பறவை? ஒரு காக்கையும் இல்லை. ஆனால் அவன் நம்பினான். மச்சான் சொன்னால் நம்புவான், அதுதான் அவனிடம் உள்ள ஒரே நல்ல குணம், அதையும் இன்றைக்கு உபயோகப்படுத்தியாச்சு. சந்தியாகு வானத்தைப் பார்த்தான். பெர்னத் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? குளித்திருப்பாள். மாமியார்க்காரி மத்தியானம் ஜெபக்கூட்டத்துக்குப் போவாள், அவள் தலை மறைந்ததும் பையை எடுப்பாள். பையில் என்ன வைத்திருப்பாள், நாலு சேலை இருக்குமா? கிழவி இன்றைக்கென்று கால் வலிக்குது என்று வீட்டிலேயே கிடந்தால்? அடுத்த வீட்டுக்காரி எங்கம்மா கிளம்பிட்ட என்று கேட்டால்? பஸ் வராமலே போனால்? வரும். எத்தனையோ வீணாப்போனவனுக்கெல்லாம் வருகிறது, அவளுக்கு வராதா. சின்ன வயதில் அவளுக்கு பஸ் என்றால் வாந்தி, மணப்பாடு திருவிழாவுக்குப் போகும்போது அண்ணன் மடியிலேயே எடுத்துவிட்டாள், அடிப்பான் என்று பயந்து அவன் முகத்தையே பார்த்தாள், அவன் அடிக்கவில்லை. அடிக்கவில்லைதானே? ஒன்று வைத்தான். சின்னதாக. பிடரியில். அது கணக்கில் வராது. ஏன் வராது? ரெமிஜியூஸும் அதைத்தானே சொல்கிறான், சின்னதா ஒண்ணு வச்சேன் மச்சான், அதுக்குப் போயி ஒங்க தங்கச்சி இந்த ஆட்டம் ஆடுதா. சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான். இன்னும் ஒரு சுற்று, ரெண்டு சுற்று. பெர்னத் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருப்பாள். நட தாயீ, திரும்பிப் பார்க்காம நட.

மஞ்சள் தெரிந்தது. வள்ளத்துக்குப் பின்னால் தூரத்தில், நுரைக்கு நடுவில், பலகை மூக்கைத் தூக்கிக்கொண்டு துள்ளி எழும்பியது. வளையம் சுத்தமாக நழுவியிருக்கிறது, கட்டினவனுக்கு ஒரு சபாஷ். கயிறு விறைத்தது. சின்ன மீன் இல்லை, சின்ன மீனுக்குக் கயிறு இப்படி முறுக்கிக்கொண்டு தண்ணீரைச் சிதறடிக்காது, இது கேரை, சூரையிலேயே பெரிய சாதி, ஆள் எடை இருக்கும், எதிர்ப்பக்கமாக ஓடுகிறது, வள்ளம் முன்னே போகிறது, அது பின்னே போகிறது, நடுவில் இருப்பது ரெண்டு சுற்றுச் சுற்றின கை. ரெமிஜியூஸின் தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது, அவன் கட்டையில் காலை உதைத்துக்கொண்டான், கழுத்து நரம்பு புடைத்தது, பேசவில்லை. முறை தெரிந்தவன். தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தான். கொறை. சந்தியாகு செய்ய வேண்டியது மணிக்கட்டை இந்தப் பக்கமாக லேசாகத் திருப்புவது, கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிற அளவுகூட இல்லை, எஞ்சின் தணிந்துவிடும், கயிறு தளரும், அவன் கையை உருவிக்கொள்வான். ஆனால் சந்தியாகு அவன் கண்ணைப் பார்க்கிறதற்கு முன்னாலேயே அவன் கையைப் பார்த்துவிட்டான். விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி வெளுத்திருந்தன, மோதிரம் மட்டும் மினுங்கியது, அந்தச் சிலுவை. அதன் பிறகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தான். பார்த்தால்தானே கேட்டது ஆகும்? பார்க்காதவனிடம் ஒருத்தன் எப்படிக் கேட்க முடியும், அவன்தான் வாயைத் திறக்க மாட்டானே, திற பார்ப்போம், திறந்து கூப்பிடு, மச்சான் என்று கூப்பிட்டால் கொறைக்கிறேன், சத்தியமாக் கொறைக்கிறேன், மீன் போயிரும் என்றுதானே பொத்திக்கொண்டிருக்கிறாய், உனக்கு மீன் பெரிசு, சரி, இரு. பலகை மேலே மிதக்கிறது பார், நான் ஒன்றும் செய்யவில்லை, ஊரே வந்து பார்க்கட்டும், வளையம் நழுவியிருக்கிறது, எண்ணெய் தடவிக் கட்டினது. பெர்னத் கன்னத்தில் இப்படித்தான் வெளுத்திருந்தது, முதலில் வெளுத்து அப்புறம் சிவக்கும், அவளும் சத்தம் போடவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று, சத்தம் போட்டால் மானம் போகும் என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தீர்கள், யார் நீங்கள், நான், நான்தான், கொறைக்கணும், இப்போ கொறைச்சிரணும், கொறைச்சிருவேன், இந்த அலை தாண்டட்டும், மத்தியானம்வரை ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டினேனே, ஆகாது, இவ்வளவு பெரிய கைக்கு என்ன ஆகும், கொஞ்சம் வலிக்கட்டும், சின்னதா ஒண்ணு, கணக்கில் வராத மாதிரி, இன்னும் கொஞ்சம். முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்கு மேலே ரெமிஜியூஸ் எந்த முறையையும் மதிக்கவில்லை.

சந்தியாகு எஞ்சினை அணைத்தபோது கயிறு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. மீன் போய்விட்டது. நாலு விரலும் போய்விட்டன, மோதிரத்தோடு. பெருவிரல் மட்டும் தனியாக நின்றது, யாரையோ வண்டியை நிறுத்தச் சொல்கிற மாதிரி. தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான், கயிற்றால் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினான், கட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், சந்தோஷம் இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது. அடி வயிற்றிலிருந்து சூடாக ஏறிக் காதுவரை வந்தது, சிரித்துவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்தான். இனி எந்தக் கையை ஓங்குவாய் மக்கா? வள்ளத்தின் அடியில் மீன் தண்ணீரிலும் ரத்தத்திலும் கிடந்த ரெமிஜியூஸ் பல்லு கிட்டிக்க அவனைப் பார்த்தான். "நான் பேசல மச்சான்" என்றான். "கடைசி வரைக்கும் பேசாமத்தான் இருந்தேன். ஒம்ம முகத்தைப் பாத்தேன். தண்ணி மினுக்கு கண்ணுல அடிச்சிருக்கும் ஒமக்கு, நீரு என்ன செய்வீரு." அவனே குற்றத்தைச் செய்து, அவனே அடியை வாங்கி, அவனே மச்சானுக்கு சாட்சியும் சொல்கிறான், வேறு என்ன வேண்டும். "வலிக்கு மச்சான்" என்று பிள்ளை மாதிரி அழத் தொடங்கினான் ரெமிஜியூஸ். அந்த அழுகையில்தான் சந்தியாகுவுக்கு ஏறின சூடு சட்டென்று இறங்கியது. இரக்கத்தினால் என்று நினைத்துவிடக் கூடாது. கரைக்குப் போக வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பஸ் இன்னும் போயிருக்காது. முட்டாப்பயலே, மூதேவி, ஒரே ஒரு காரியம் சொன்னாளே, ஒன்றும் செய்யாமல் இரு என்றாளே, அதைக்கூட உன்னால் செய்ய முடியவில்லையா? எஞ்சினைத் தட்டிவிட்டு வள்ளத்தைத் திருப்பினான். இங்கேயே கொஞ்ச நேரம் கிடப்போமா, எஞ்சின் கோளாறு என்று சொல்லிவிட்டு, பஸ் போகிறவரை, இவன் தாங்குவான், முரட்டு உடம்பு, என்று ஒரு எண்ணம் வந்தது, வந்ததை ஒளிப்பானேன், கொஞ்ச தூரம் கூடவே வந்தது. சட்டை முழுக்கச் சிவந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்ததும் போய்விட்டது. செத்துப்போனால் அவள் எங்கே மதுரைக்குப் போவது, வெள்ளைச் சேலை கட்டி மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். சரி, வேறு வழி இருக்கிறது. ஊருக்குப் போக வேண்டாம். வடக்கே அடுத்த துறை, அங்கே கரையிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், ஆட்டோ நிற்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. ராத்திரி தெரியட்டும், அவள் அப்போது மதுரையில் தையல் மெஷின் முன்னால் இருப்பாள். "மாப்ள, வடக்க விடுதேன், ஆஸ்பத்திரி அங்கதான் கிட்ட." "எங்கயும் விடும் மச்சான், வெரசா விடும்." சந்தியாகு கைப்பிடியை முழுக்கத் திருகினான். இப்போது அந்த மணிக்கட்டு சொன்னபடி கேட்டது. வடக்குத் துறையின் தென்னைகள் தெரிய ஆரம்பித்தன, மீன் ஏலக்கூடத்தின் தகரக்கூரை தெரிந்தது, சந்தியாகு இயேசுவே இயேசுவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தான், அவனை மன்னியும் என்றோ என்னை மன்னியும் என்றோ இல்லை, பஸ்ஸு போயிரணும், பஸ்ஸு போயிரணும் என்று.

கரை நெருங்கியதும் மடியில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த போன் அடித்தது. பெர்னத். எடுக்காமல் விட்டிருக்கலாம். விட்டால் ஒருவேளை பயந்துபோய்க் கிளம்பாமல் நின்றுவிடுவாளோ என்று எடுத்தான். "அண்ணா, பஸ்ஸு வந்துட்டு" என்றாள். மூச்சிரைத்தது. குரலில் ஒரு துள்ளல் இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட குரல். "ஏறு" என்றான் சந்தியாகு. "ஏறிப் போயிரு. ஒண்ணும் பேசாத." "ஏண்ணா ஒரு மாதிரி பேசுத? அவரு பக்கத்துல இருக்காரா?" ரெமிஜியூஸ் கண்ணைத் திறந்தான். "யாரு மச்சான், பெர்னத்தா?" என்றான். "இங்க தாரும்." சந்தியாகு போனை அணைக்கப் போனான். இடது கை எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தது. இவ்வளவு ரத்தம் போனவனுக்கு இவ்வளவு பிடி எங்கே இருந்து வந்தது? இடது கையும் அகலமான கைதான், சந்தியாகு இதுவரை அதைக் கவனித்ததே இல்லை. போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, என் கை போச்சுடி" என்று ஓவென்று அழுதான். "நாலு விரலும் போச்சுடி. கயிறு கொண்டுபோயிட்டு." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ தெரியாது. கண்டக்டர் விசில் ஊதுவது சந்தியாகு உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. ரெமிஜியூஸின் அழுகை ஒரு நிமிஷம் நின்றது. "அது என்ன சத்தம்? நீ எங்க நிக்க?" என்றான். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான். "சரி, சரி. கடைக்கெல்லாம் அப்புறம் போலாம், நீ உடனே பொறப்பட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனை மச்சானிடம் நீட்டினான்.

சந்தியாகு காதில் வைத்தான். பஸ்ஸின் உறுமல் கேட்டது. அது பெரிதாகி, பிறகு சின்னதாகி, பிறகு இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்டது. அவன் அவளிடம் சொல்ல நினைத்தது எவ்வளவோ இருந்தது, அடுத்த பஸ் இருக்கு, ஆட்டோ பிடிச்சு அதை மறிச்சிரு, நான் இவனைப் பாத்துக்கிடுதேன், சாகுற வரைக்கும் நானே ஊட்டி நானே கழுவி விடுதேன், நீ போ தாயீ. "பேசுண்ணா" என்றாள் பெர்னத். "ரத்தம் நெறையப் போயிருக்கா? எந்த ஆஸ்பத்திரி?" அவள் குரலில் இப்போது துள்ளல் இல்லை, அழுகையும் இல்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல். ரெமிஜியூஸ் சந்தியாகுவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "சொல்லும் மச்சான், வரட்டும்" என்றான். "இனி எனக்கு எல்லாம் அவதான செய்யணும். சோறு ஊட்டணும், குளிப்பாட்டணும், சட்டை மாட்டி விடணும். அவ இருக்கால்லா, எனக்கென்ன." வள்ளத்தின் அடி மணலில் தட்டியது. கரையில் நின்ற ரெண்டு மூணு பேர் என்னமோ ஏதோ என்று தண்ணீருக்குள் ஓடி வந்தார்கள்.

சந்தியாகு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னான்.